பந்தியில் சொல்வதை ஆபீஸில் சொல்லிவிட்டேன்

போன செமஸ்டர் வரை பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தால் நானே படித்துவிடுவேன். இப்போது பார்வை இன்னும் மங்கிவிட்டது. எல்லாவற்றையும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

வாசிப்பவருக்காகப் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை வாரத்தில் இரண்டு நாளுக்குத்தான் காணும். அதைக் கூட்டிக் கேட்க இன்று போனேன். எனக்கு வாசிக்கும் நஸ்ரின்தான் கைபிடித்துக் கூட்டிப்போனாள். கும்பகோணத்தில் பஸ் ஏறியதிலிருந்து தஞ்சாவூர் வரை "பத்தலை சார்" என்று சொல்ல ஒத்திகை.

அதிகாரி நல்ல மனிதர். நான் வாய் திறக்கும் முன்பே கேட்டார்.

"இப்ப தர்றது போதுமாம்மா? பத்தலைன்னா சொல்லுங்க, கூட்டித் தரச் சொல்லி எழுதிடலாம்."

"ஐயோ, போதும் சார்!"

எங்கள் ஊர்ப் பந்தியில் முதலில் இலையைக் கையால் மறைத்துப் போதும் என்றுதான் சொல்வோம். பரிமாறுகிறவர் விடமாட்டார். அந்த இரண்டாவது உபசாரத்துக்காகக் காத்திருந்தேன்.

"ரொம்ப சந்தோஷம்மா" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அய்யம்பேட்டை தாண்டியதும் நஸ்ரின் கேட்டாள்:

"அக்கா, அவரு என்ன சாம்பார் வாளியோடயா நின்னாரு?"

முன்சீட்டில் யாரோ சிரித்தார்கள். வாரத்தின் மீதி நாட்களில் நஸ்ரின் காசு வாங்காமல்தான் வந்து வாசிக்கிறாள். அவளிடம் நான் ஒரு நாளும் போதும் என்று சொன்னதில்லை.

நாளைக்கு மறுபடியும் போகிறேன். "பத்தலை சார்" என்று கூசாமல் சொல்லத் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லிக்கொடுங்கள். முதல் தடவையே சொல்லுங்கள், உபசாரம் எதிர்பார்க்காதீர்கள்.