பெரட்டுக்கு வராத மைனா

முதல் நாளே எனக்குத் திட்டு விழுந்திருக்க வேண்டும். என் தவறு வெளியே வர மூன்று மாதம் ஆனதால் தப்பித்தேன்.

புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்தேன். மாதம் இருமுறை காலையில், இன்றும் மாடுகள் அடையும் எங்கள் பழைய மாட்டுப் பட்டியிலிருந்து வாய்க்கால் வரை நடந்து, பார்த்த பறவைகளின் எண்ணிக்கையைப் பாரத்தில் அதனதன் கட்டத்தில் எழுத வேண்டும். அங்கே நாட்டு மைனா இன்னும் இருக்கிறதா என்பதுதான் கணக்கெடுப்பை நடத்துகிறவர்களுக்குத் தெரிய வேண்டியது.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. மாட்டின் முதுகிலேறி வரும் அந்தச் சாம்பல் குருவியை மாட்டு மைனா என்போம். அப்பா பால் கறக்கும்போது பக்கத்தில் வந்து நின்று அவரையே பார்க்கும். அது இல்லாமல் எங்கே போகும்?

பெரட்டில், அதாவது விடியற்காலையில் ஆள் எண்ணும் இடத்தில், கிராணி முகத்தைப் பார்ப்பதில்லை. இருட்டில் நடையை வைத்தே பெயர் போட்டுவிடுவான். மைனாவுக்கும் அப்படியே செய்தேன். சாம்பல் உடம்பு, நெற்றியில் குட்டிக் கொண்டை, அவ்வளவுதான், ஆஜர்.

நான்காம் மாதம், கணக்கெடுப்பை நடத்தும் கலா டெலஸ்கோப்போடு வந்தார்.

"அங்கிள், அலகு மூஞ்சியோட சேர்ற அடியப் பாருங்க. நம்ம மைனாவுக்கு அங்க நீலமா இருக்கும். இது முழு மஞ்சள் லா."

"ஒன்னு ரெண்டு அப்படி இருக்கும்மா."

"எல்லாமே அப்படித்தான் இருக்கு. இது ஜாவா மைனா. அந்தத் தீவுலேர்ந்து கூண்டுல கொண்டாந்து வித்தாங்க. தப்பிச்சதுங்க டவுனு, எஸ்டேட்டுனு பரவிருச்சு."

"அப்ப நம்மளுது?"

"நீங்கதானே அங்கிள், மூனு மாசமா பாத்ததா எழுதியிருக்கீங்க."

வெட்கமாகப் போய்விட்டது. பட்டி வேலியருகே நின்று ஒவ்வோர் அலகாகப் பார்த்தேன். எல்லாம் மஞ்சள். பழைய பாரங்கள் செல்லாது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கலா தண்ணீர் போத்தலை நீட்டினார்.

தெரிந்த ஆள்தானே என்று முகம் பார்க்காமல் பெயர் போடாதீர்கள். கணக்கெடுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

வேலைக்கு வராதவனுக்கு ஆப்சென் போட என் கை தயங்கியதே இல்லை. அன்று மட்டும், நாட்டு மைனாவின் அந்த ஒரு கட்டத்தில் சுழியம் போட, மாடுகள் மேய்ந்து திரும்பும்வரை காத்திருந்தேன்.