பத்துப் பேரின் முறை

லண்டனில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் வணிக மாணவர்களுக்கு நேர்மை கற்பிப்பது என் வேலை. பதினாறு வருடமாகிறது. சைவன் என்று அங்கே யாரும் என்னைக் குறைவாக நடத்தியதில்லை. படிகள்தான் இரக்கமில்லாதவை. வாசலிலிருந்து வகுப்புக்கு ஐம்பத்து மூன்று.

வகுப்புக்குள் வரும் மாணவர் சுவரிலுள்ள கருவியில் தம் அட்டையைத் தட்ட வேண்டும். அதுதான் வரவு. வெளிநாட்டு மாணவருக்கு வரவு குறைந்தால் அரசுக்கு அறிவிப்பார்கள், விசா போய்விடும். வாராவாரம் வரவுப் பட்டியலில் நான் கையெழுத்திட வேண்டும். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை மட்டும் எண்ணாமலே ஒன்பது வாரம் கையெழுத்திட்டிருந்தேன். பத்தாவது வாரம் எண்ணினேன். பட்டியலில் நாற்பத்தொரு பேர், வகுப்பில் முப்பத்திரண்டு தலை.

மிச்சம் ஒன்பது பேர் எங்கே என்று கேட்டேன். வகுப்பு முடிந்ததும் தமிழ்நாட்டிலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண் மட்டும் நின்றாள். பையைத் திறந்தாள். ரப்பர் பாண்ட் போட்ட ஒன்பது அட்டைகள்.

"நான்தான் சார் தட்டினேன்."

"ஒன்பதையும் நீரோ?"

"இந்த வாரம் என் முறை சார். இல்ஃபோர்டுல ஒரே வீட்டுல பத்து பேர் இருக்கோம். சீட்டு மாதிரி நடத்துறோம். வாரம் ஒருத்தி வந்து நோட்ஸ் எடுத்து, வீட்டுல எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கணும். மத்தவங்க வேர்ஹவுஸ் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்குவாங்க."

"நேர்மை வகுப்புக்கோ இந்தச் சீட்டு?"

"ரொம்பக் கறாரா இருக்கோம் சார். இதுவரைக்கும் ஒருத்திகூட முறையை ஏமாத்தல."

சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"ரிப்போர்ட் பண்ணிடுவீங்களா சார்? பத்து பேரும் ஊருக்குப் போகணும்."

"பொய்க்கு நான் கையெழுத்துப் போடேலாது, பிள்ளை."

"இதுவரைக்கும் போட்டிருக்கீங்களே சார்."

குத்திக்காட்டச் சொன்னதல்ல. ஆனாலும் குத்தியது.

பல்கலைக்கழக வளாகத்து மாதா கோவில் வாசல் பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அறிவித்தால் பத்துப் பேர் போவார்கள். என் ஒன்பது கையெழுத்தும் வெளியே வரும். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைசியில், அந்த வாரத்துப் பட்டியலில் மட்டும் ஒன்பது பெயர்களைப் பேனாவால் வெட்டினேன். ஒரு நாள் வராததற்கு விசா போகாது. பழையதைக் கிளறவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பெயர் கூப்பிடுவேன் என்று அவளிடம் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் காலை பத்துப் பேரும் ஷிப்ட் முடிந்த கையோடு வந்தார்கள். சிலர் மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, கூப்பிட்டபோது பத்துப் பேரும் குரல் கொடுத்தார்கள். பட்டியல் சரியாக இருந்தது. நிறுவனம் தவறு செய்தால் ஊழியர் என்ன செய்ய வேண்டும் என்று தொடங்கினேன். கால் மணி நேரத்தில் ஏழு பேர் தூங்கிவிட்டார்கள். அந்தப் பெண் பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

"எழுப்பாதையும், பிள்ளை. கிடக்கட்டும்," என்றேன் தமிழில்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தானும் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். அந்த வாரம் யாருடைய முறையும் இல்லை. அந்த வீட்டுக்கு நோட்ஸும் போகவில்லை.