பையைப் பீரோவில் பூட்டினேன்

நான் விலங்கியல் படித்தவன். முதுகலையில் முதல் வகுப்பு. முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லப்போகும் காரியத்தை விவரம் தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது.

பன்னிரண்டாம் வகுப்பில் மனித இனப்பெருக்கம் என்று ஒரு பாடம் உண்டு. நான் அதை ஒரு வருடம்கூட நடத்தியதில்லை. "இது ஈஸிதான், வீட்ல படிச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பிள்ளைகள் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தலைமை ஆசிரியராக இருந்தபோது, பன்னிரண்டு வருடம் இருக்கும், எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தின் களப்பணியாளர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். இருபத்தைந்து வயதுப் பெண். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தார். தோளில் ஒரு துணிப்பை. பிளஸ் டூ மாணவர்களிடம் ஒரு மணி நேரம் பேச மேலிடத்து அனுமதிக் கடிதம் வைத்திருந்தார். நான் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். படங்கள் போட்ட அட்டைகள், சில ஆணுறைப் பாக்கெட்டுகள், அதை எப்படிப் போடுவது என்று செய்து காட்ட மரத்தில் கடைந்த உறுப்பு ஒன்று.

"இன்னாம்மா இது?"

"டெமோவுக்கு சார்."

"எடுத்து உள்ள வை மொதல்ல. யாராவது பாத்துடப் போறாங்க."

"பசங்களுக்குப் பதினேழு வயசு ஆகுது சார். இத இப்ப சொல்லலன்னா எப்ப சொல்றது?"

"பொண்ணுங்களும் உக்காந்திருக்குதுங்க. நாளைக்கு ஊர்க்காரங்க வந்து கேட்டுல நின்னா நீயா பதில் சொல்லுவ?"

பையை வாங்கி என் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் வெறுங்கையோடு என் பின்னால் வந்தார். மரத்தடியில் மாணவர்களை உட்கார வைத்து, பள்ளியில் கிடந்த விழிப்புணர்வு பேனரைக் கட்டக் கயிறு இல்லாததால் ஒரு முனையை அவர் கையிலும் மறு முனையை ஒரு மாணவன் கையிலும் கொடுத்தேன். பிறகு நானே பேசினேன். நாற்பது நிமிடம். ஒழுக்கம் பற்றி. "ஒழுக்கமா இருக்கறவன இந்த நோய் தொடாது. தொட்டுச்சின்னா அவன் ஒழுக்கம் கெட்டவன்னு அர்த்தம்" என்று முடித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பெண் பேனரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டோ எடுத்தாயிற்று. அவருடைய பதிவேட்டில் 'மாணவர்களுக்கு மிகவும் பயனுள்ள நிகழ்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்தினேன். பையைத் திருப்பிக் கொடுத்தபோது, "நான் ஒரு வார்த்தகூட பேசல சார்" என்றார். "அதான் எல்லாம் நான் சொல்லிட்டேனே" என்றேன்.

வைரசுக்கு ஒழுக்கம் தெரியாது. ரத்தத்தில் நுழைய ஒரு வழி கிடைத்தால் போதும் அதற்கு. தேர்வுத்தாளில் எவனாவது நான் பேசியதை எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

ஓய்வு பெற்று வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நாளை நான் மறந்தே போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறுத்தல் எதுவும் இல்லாமல் பத்து வருடத்துக்கு மேல் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். இந்த வருடம் மாசி மாதம் ஒரு காலையில் அதே களப்பணியாளர் வந்து கேட்டைத் தட்டினார். காதோரம் நரைத்திருந்தது. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கைப்பைக்குள் போட்ட பிறகுதான் உள்ளே வந்தார். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தானாம்.

என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். பென்ஷன் விஷயம் என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பினேன். வந்தவர் குரலைத் தணித்துச் சொன்னார்.

என் பழைய மாணவன் ஒருவன். லோடு வேன் ஓட்டுகிறான். அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குத் தினமும் சாப்பிட வேண்டிய கூட்டு மருந்தை எடுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். போன வருடம் வீட்டில் கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. மாத்திரை டப்பாவை அவள் பார்த்துவிடுவாள் என்று மருந்தையும் நிறுத்திவிட்டான். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் அவனிடமிருந்து அவளுக்குப் பரவாது. நிறுத்தினால் பரவக்கூடும். அவள் ஒருமுறைகூடப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை.

"நானும் நாலு மாசமா சொல்லிப் பாத்துட்டேன் சார். பொண்டாட்டிகிட்ட சொன்னா அவ ஒழுக்கம் கெட்டவன்னு நெனச்சிக்குவாளாம். அப்டி இல்லப்பான்னா, எங்க எச்.எம். சொன்னாரே, அவரு எம்மெஸ்ஸி, நீங்க இன்னா படிச்சிருக்கீங்கன்னு கேக்கறான்."

உள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

"கடைசியா, அவரையே வந்து சொல்லச் சொல்லு, அப்ப அவள டெஸ்டுக்குக் கூட்டினு வரேன்னான். கிண்டலாத்தான் சொன்னான். அவருகிட்ட உன் விஷயத்த சொல்லலாமான்னு கேட்டேன். சொல்லிக்கோ, வரமாட்டாருன்னான்."

எனக்கு முதலில் வந்தது வருத்தம் அல்ல. இது யார் காதுக்காவது போயிருக்குமா என்ற பயம். அதைத்தான் கேட்டேன். அவர் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க பேரு எங்கயும் வராது சார்" என்றார். அப்படிக் கேட்டதற்காக இன்றைக்கும் கூசுகிறேன்.

அவர் போனதும் மனைவி வந்தாள். "பென்ஷனப் பத்தி இவ்ளோ மெதுவாவா பேசுவாங்க?" என்றாள். நான் எழுந்து தெருவுக்குப் போனேன். வந்தேன். மறுபடி போனேன். மூன்று நாள் அப்படித்தான். சாப்பாட்டில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன்.

மூன்றாம் நாள் இரவு, வருகிறேன் என்று களப்பணியாளருக்குப் போன் செய்தேன். நாலாம் நாள் விடிந்ததும் கிரிவலப் பாதையில் நிருதி லிங்கக் கோயிலண்டை வரச் சொன்னார். உட்கார்ந்து பேசலாமே என்று கேட்டதற்கு அந்தக் களப்பணியாளர் சிரித்தார். "உக்காந்தா மூஞ்சப் பாக்கணும் சார். மூஞ்சப் பாத்தா எவனும் வாயத் தெறக்க மாட்டான். மலைய சுத்துறவங்களுக்கு நடுவுல மூணு பேரு பேசினு போனா யாரு கேக்கப் போறா?" தான் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் பாதிப் பேரோடு அவர் இப்படி நடந்துகொண்டேதான் பேசுவாராம்.

அவன் செருப்பில்லாமல் வந்திருந்தான். முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"இன்னா சார், நல்லா கீறீங்களா? என்னைத் தெரியாது உங்களுக்கு. அன்னிக்கு பேனரு இன்னொரு முனைய புடிச்சினு இருந்தனே, அது நான்தான். கை கடுத்துப்போச்சி. நீங்க நிறுத்தவே இல்ல."

மூவரும் நடந்தோம். நான் நடுவில். எனக்கு முழங்கால் வலி. ஆனால் நின்றால் பேச முடியாது என்று தெரிந்தது. ஆசிரியர் பேசுவது போலத்தான் ஆரம்பித்தேன். வைரஸ் என்றால் என்ன, ரத்தத்தில் எந்த அணுவைப் பிடிக்கிறது, எப்படிப் பரவுகிறது, எப்படிப் பரவாது. அவன் கேட்டுக்கொண்டே வந்தான். எதிரே வந்த ஒரு சாமியாரின் தூக்குச்சட்டியில் காசு போட்டுவிட்டு மறுபடி வந்து சேர்ந்துகொண்டான்.

"அப்ப ஒழுக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல?"

"இல்ல."

"நல்லவனுக்கும் வரும்?"

"யாருக்கு வேணும்னாலும் வரும்."

"இது இப்பத்தான் கண்டுபுடிச்சாங்களா சார்?"

அவன் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்கிறான். அவன் எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தான். அப்போது விஞ்ஞானம் அந்த அளவுக்கு வளரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பியிருப்பான். பத்தடி தூரம் அதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

"இல்லப்பா. அப்பவே தெரியும்."

"யாருக்கு? உங்களுக்கா?"

"எனக்கு."

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான் சொன்னேன். ஊர்க்காரங்க வந்து கேப்பாங்கன்னு பயம். அந்தம்மா பேசினா என் மரியாத போயிடும்னு நெனச்சேன். பசங்க கைதட்டினப்ப சந்தோஷமாவும் இருந்துச்சி."

அவன் நின்றுவிட்டான். நாங்களும் நின்றோம். ஒரு ஆட்டோ எங்களைத் தாண்டிப் போனது.

"ரெண்டு வருஷமா," என்றான். "ராத்திரி படுத்தா அதுதான் சார் ஓடினு இருந்துச்சி. நான் கெட்டவன், கெட்டவன்னு. கயித்தக்கூட எடுத்தேன் ஒருநாளு. இவங்களுக்குத் தெரியும்." களப்பணியாளரைக் காட்டினான். "உங்களுக்கு விஷயம் தெரியல, பழைய ஆளு, ஏதோ சொல்லிட்டாருன்னு இருந்திருந்தா பரவால்ல. நீங்க வந்து தெரியும்னு சொல்றீங்க."

"மன்னிச்சிடுப்பா" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அய்ய, கைய எறக்குங்க சார், எல்லாரும் பாக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடக்க ஆரம்பித்தான். நான் பின்னாலேயே போனேன். களப்பணியாளர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடுங்க சார். அவன் போகட்டும்." கொஞ்ச நேரத்தில் வளைவில் மறைந்துபோனான். மனைவியை டெஸ்டுக்கு அழைத்து வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் பார்த்திராத அவன் மனைவியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சமைத்துக்கொண்டிருப்பாள், துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள், ஒன்றும் தெரியாமலேயே ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டிருக்கிறது. களப்பணியாளருக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை போன் செய்தேன். இரண்டாம் நாளே எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "மருந்த மறுபடி வாங்கினு போயிட்டான் சார். பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டானாம். வெள்ளிக்கெழம டெஸ்டுக்குக் கூட்டினு வரேன்னு சொல்லியிருக்கான். வந்தாத்தான் நெஜம். இத உங்ககிட்ட சொல்லலாம்னு அவன்தான் சொன்னான். இனிமே போன் பண்ணாதீங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். ரத்தப் பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு எதிரில் ஒரு பெஞ்சில், பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்களைப் பார்த்துவிட்டால் போதும் என்றுதான். இரண்டு முறை எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒன்பது மணிக்குக் களப்பணியாளர் என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, யாரோ முகவரி கேட்பவரைப் போல நின்றார்.

"இங்க இன்னா பண்றீங்க சார்?"

"சும்மாதான். வந்தாங்களான்னு—"

"அந்தப் பொண்ணு உள்ள போறத நீங்க எதுக்குப் பாக்கணும்?"

பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"இந்தப் பெஞ்சில ஊர்ல தெரிஞ்ச மொகம் ஒன்னு உக்காந்திருந்தா போதும், ஒருத்தரும் அந்தக் கதவத் தொடமாட்டாங்க. அவன் உங்கள பாத்தா வண்டியத் திருப்பினு போயிடுவான். எழுந்திருங்க. அந்தப் பக்க கேட்டு வழியா போங்க."

பேப்பரை மடிக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயந்தவன் நான். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் ஊராக உட்கார்ந்திருந்தவனும் நானே.

பின்பக்க கேட்டு வழியாகத்தான் வெளியே வந்தேன். அங்கே ஒரு பைக் எதிரே வந்தது. பின்னால் ஒரு பெண். முகத்தைப் பார்ப்பதற்குள் ஜெராக்ஸ் கடைப் பக்கம் திரும்பி, கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்தேன். பைக் என் முதுகுக்குப் பின்னால் உள்ளே போனது. அவர்கள்தானா, வேறு யாரோவா, தெரியாது.

ஒரு மாதம் பொறுத்திருந்துவிட்டுக் களப்பணியாளரைப் பெரிய கடைத்தெருவில் பார்த்தேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். வந்தார்களா? அந்தப் பெண்ணுக்கு என்ன ரிசல்ட்?

"அது அந்தப் பொண்ணு விஷயம் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அது யாருக்குத் தெரியணும்னு அந்தப் பொண்ணுதான் சொல்லணும். உங்களுக்குச் சொல்லச் சொல்லல."

"நல்லாத்தான் இருக்காளான்னு மட்டும்—"

"காய் வாங்கணும் சார், வரேன்."

போய்விட்டார். அவர் செய்தது சரி. அப்படிச் சொல்லாமல் இருப்பதால்தான் அந்தக் கதவை நம்பி மனிதர்கள் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். விடிந்ததும் கிரிவலப் பாதையில் நடக்கிறேன். யாராவது இளம் தம்பதி எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோகிறேன்.