நான்கு மணி வரை ஓர் அறை

தொலைபேசியின் முதல் மணிக்கு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். இரண்டாவது மணிக்கு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்குவார். மூன்றாவது மணிக்குத்தான் எடுத்துப் பேசுவார். யார் பேசினாலும் கேள்வி ஒன்றுதான். அதைக் கேட்பதற்கு முன்னால் இந்தச் சின்ன அவகாசமாவது அவருக்கு வேண்டியிருக்கிறது.

"போகலாமா சார்?"

மருந்துக் கடைக்கு மேல்மாடியில், இரண்டு மேசையும் ஒரு சுவர்க்கடிகாரமும் உள்ள பயண ஏஜென்சி அது. கப்பல் சுற்றுலாவுக்கு அறை பதிவு செய்து தருவது அவர் வேலை. இருபத்து மூன்று வருடமாகிறது. எல்லாரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேப்டன் இன்றுவரை ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. ஒரே ஒரு தடவை ஏரியில் குடும்பத்தோடு படகு ஏறினார். பாதி வழியிலேயே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வர, படகோட்டி பாவப்பட்டுத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் விட்டான். அதை மனைவி இன்னும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் எந்தக் கப்பலில் எந்தத் தளத்தில் லிஃப்ட் இரைச்சல் கேட்கும், எந்த அறையின் தலைமாட்டில் சமையற்கட்டுக் குழாய் ஓடுகிறது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

தொற்று வந்து கப்பல்கள் நின்றன; பிறகு ஓடத் தொடங்கின. தொற்று மட்டும் முழுசாகப் போனபாடில்லை. விதிகளோ வாரத்துக்கு ஒரு முகம் காட்டுகின்றன. போன வாரம் ஏறுவதற்கு மூன்று நாள் முன்னால் பரிசோதனை செய்தால் போதும் என்றார்கள், இந்த வாரம் இரண்டு நாள் என்கிறார்கள். ஆபத்தை எடுத்துச் சொன்னால் வந்தவர்கள் "என்ன சார், வியாபாரம் பண்ண உக்காந்துட்டு பயமுறுத்துறீங்க" என்கிறார்கள். சொல்லாமல் விட்டால் பிற்பாடு மறைத்துவிட்டதாகச் சண்டைக்கு வருகிறார்கள். "எனக்கே தலை சுத்துதுங்க," என்று அவர் சொல்லும்போது உண்மையிலேயே நெற்றியைப் பிடித்துக்கொள்கிறார்.

போகலாமா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்வதில்லை. பதிலுக்குக் கேள்வி கேட்பார். வயசு என்ன? சர்க்கரை, பிரஷர் உண்டா? ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குமா? ஊசி எத்தனை போட்டாச்சு? கடைசியாக, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஒரே ரூம்ல அடைச்சு வச்சா எத்தனை நாள் தாங்குவீங்க?" இந்த இடத்தில் பலர் சிரித்துவிடுவார்கள். அவர் சிரிக்கமாட்டார். கப்பலின் தள வரைபடத்தை விரித்து, ஒரு மூலையில் பென்சிலால் வட்டம் போடுவார். "இதுதான் ஆஸ்பத்திரி. கப்பல்ல மூவாயிரம் பேரு. இங்க நாலு கட்டிலு. இனி நீங்கதான் முடிவு பண்ணணும்." அதற்குமேல் ஒரு வார்த்தை கறக்க முடியாது. பக்கத்து மேசையில் இருக்கும் முதலாளியம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பல்லைக் கடிப்பார். "கேப்டன், நம்ம கடை டிக்கெட் விக்கிற கடைங்க" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

அவர் எப்போதும் இப்படி இருந்தவரில்லை. ஒரு காலத்தில் வாயிலேயே கப்பல் ஓட்டுவார். கப்பலின் நடுவில் ஜன்னல் இல்லாத உள் அறைகள் இருக்கும், விலை குறைவு. "தூங்கத்தானே போறீங்க, ஜன்னல் எதுக்கு?" என்று சொல்லியே நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறார். தொற்றின் ஆரம்ப நாட்களில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரும் மனைவியும் வந்து, போகலாமா என்று தயங்கி நின்றார்கள். "சும்மா போங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று அதே வாயால் சொல்லி, அதே உள் அறையைக் கொடுத்தார். கப்பலில் தொற்று பரவியது. எந்தத் துறைமுகமும் உள்ளே விடவில்லை. பன்னிரண்டு நாள் எல்லாரையும் அவரவர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். அந்த அம்மா தினமும் இவருக்குத்தான் போன் செய்தார். திட்டவில்லை. "தம்பி, இப்ப பகலா ராத்திரியா?" என்று மட்டும் கேட்பார். கைக்கடிகாரம் ஆறு என்று காட்டுமாம். எந்த ஆறு என்று தெரியவில்லையாம். இவர் தெருவை எட்டிப் பார்த்து, வெயில் அடிக்கிறது என்றோ விளக்குப் போட்டாயிற்று என்றோ சொல்வார். இருவரும் உயிரோடுதான் திரும்பினார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் உள் அறை விற்பதில்லை, யாருக்கும் போங்க என்றும் சொல்வதில்லை, போகாதீங்க என்றும் சொல்வதில்லை.

இந்த நிலையில்தான் சொந்த அக்கா போன் செய்து மாட்டிவிட்டாள். அத்தானுக்கு நுரையீரல் கெட்டுப்போய் நான்கு வருடமாகிறது. வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் முப்பது வருடம் நின்ற மனிதர். கப்பலில் ஒரு தடவை போகவேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. இரண்டு தடவை தேதி குறித்து இரண்டு தடவையும் தொற்றினால் தள்ளிப்போனது. இந்த முறை கேப்டன் கணினியில் தேடியபோது ஓர் உள் அறைதான் பாக்கி இருந்தது. பணம் கட்டாமலே நான்கு மணி வரை அதை அவர்கள் பேரில் நிறுத்திவைத்தார். திரையில் அந்த அறையின் கட்டம் மஞ்சளாக மாறியது.

"டாக்டர்கிட்ட கேட்டியாக்கா?"

"கேட்டேன்டா. அது உங்க இஷ்டம்னுட்டாரு."

அந்த டாக்டர் மேல் கேப்டனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தானும் நாள் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்ததும் கோபம் போய்விட்டது.

"நீ சொல்லுடா தம்பி. நீ போன்னா போறோம், வேணாம்னா வேணாம். ஊருக்கே சொல்றவன், எங்களுக்குச் சொல்லமாட்டியா?"

"அத்தான்கிட்ட குடு."

போன் கைமாறியது. பேச்சுக்கு முன்னால் மூச்சு வந்தது.

"மாப்ள, சொல்லு."

"மாடி ஏறுனா..."

"உன் கேள்வியெல்லாம் எனக்கு... மனப்பாடம்டா. ஏற முடியாது. ஊசி மூணு போட்டாச்சு. ரூம்ல அடைச்சு வச்சா... தாங்குவேன். ரெண்டு வருஷமா... எங்க இருக்கேன்னு நினைக்கிற?"

கேப்டன் இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை அத்தான் நிற்பதை எண்ணிக்கொண்டிருந்தார். போன மாதம் ஐந்தாறு வார்த்தை வரை வந்தது. மூவாயிரம் பேருக்கு நடுவே, காற்று வராத அறையில், நடுக்கடலில் இந்த மூச்சு திணறினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். போகாவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு இந்த மூச்சு இருக்காது என்பதும் தெரியும். இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கும் தெம்பு அவரிடம் இல்லை. யாராவது வந்து இந்தப் போனை வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"வேணாம் அத்தான்," என்றார்.

எதிர்முனையில் அத்தான் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"சரி."

"கொஞ்சம் குறையட்டும் அத்தான். அடுத்த..."

"அடுத்த வருஷம்னு மட்டும்... சொல்லிடாத மாப்ள." கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேன் அத்தான்."

சாப்பிட்டிருக்கவில்லை. போனை வைத்தார். கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது. விட்டால் நான்கு மணிக்கு அந்த அறை தானாகவே கைவிட்டுப் போயிருக்கும். அதுவரை அவர் பொறுக்கவில்லை. பதிவை அப்போதே ரத்து செய்தார். மஞ்சளாக இருந்த கட்டம் பச்சையானது. இனி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மனசு மாறினால் அவரேகூட.

"என்ன கேப்டன், உங்க அக்கா ரூமா? விட்டுட்டீங்களா?" என்றார் முதலாளியம்மா.

கேப்டன் நாற்காலியை மேசையிலிருந்து கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்தார். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டு, யாரும் எடுக்காமல் பச்சையாகவே இருந்த அந்தக் கட்டத்தை நான்கு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.