காலால் தள்ளிய காகிதம்

“பிரெஞ்சா? உனக்கெதுக்கும்மா அதெல்லாம்? தமிழ எடுத்து ஒழுங்கா பாஸ் பண்ணப் பாரு.”

திருச்சியில் நான் சேர்ந்த பெண்கள் கல்லூரியில் என் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த எழுத்தர் சொன்னது இது. அப்பா பக்கத்தில் நின்றார். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் நெல் அவிக்கும் வேலை அவருக்கு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று கேள்விப்பட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் விண்ணப்பத்தில் மொழிப்பாடக் கட்டத்தில் ‘பிரெஞ்சு’ என்று பேனாவை அழுத்தி எழுதியது மார்க்குக்காக இல்லை, அந்த எழுத்தருக்காக.

விடுதியில் என் அறைத்தோழி பச்சைமலைக்காரி. மரவள்ளி போடும் குடும்பம். அவளும் வீட்டில் முதல் படிப்பு. தமிழ் எடுக்க இருந்தவளை, “வாடி, ரெண்டு பேரும் சேந்து படிச்சா வந்துடும்” என்று நான்தான் இழுத்தேன். அவள் உச்சரிப்புக்கு வகுப்பு சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இரண்டாம் ஆண்டில் பழைய பிரெஞ்சுச் சிறுகதைகளை எளிமையாக்கிப் பாடமாக வைத்திருந்தார்கள். பலவற்றில் ஒரு சிற்றூர் வரும், யாரோ ஒருவர்மேல் ஒரு பழி வரும், அவர் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே தேய்ந்துபோவார்.

“இந்தக் கதைங்கள்ல எல்லாம் கோர்ட்டே தேவையில்ல பாருங்க, டீக்கடையே போதும்” என்றார் பேராசிரியை.

“பிரான்ஸ்ல டீக்கடை இருக்கா மேடம்?” என்று கேட்டது என் தோழிதான்.

“இருக்கும்மா. டீ மட்டும் இருக்காது.”

மூன்றாம் பருவத் தேர்வு மதியத்தில் நடந்தது. காலையில் அதே அறையில் முதலாண்டுக்காரர்கள் பிரெஞ்சு எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கும் முதல் ஆளாகப் போய்விடுவது என் வழக்கம். என் பெஞ்சுக்கடியில் மடித்த காகிதம் ஒன்று கிடந்தது. குனிந்து பார்த்தேன். எறும்பு எழுத்தில் பிரெஞ்சு வினைச்சொற்கள். மைக்ரோ ஜெராக்ஸ் என்போம், எழுத்தைச் சுருக்கி நகலெடுத்த பிட்டு. எடுத்துக் கண்காணிப்புக்கு வரும் மேடத்திடம் கொடுத்திருக்கலாம். ‘உன் கைக்கு எப்படி வந்தது’ என்று கேட்டால் என்ன செய்வது? செருப்பு நுனியால் தள்ளிவிட்டேன். அது பக்கத்து வரிசைக்கடியில் போய் நின்றது. அது யார் இடம் என்று நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் அறைத்தோழி வந்து அங்கே உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

தேர்வு தொடங்கி அரை மணி கழித்து, வரிசைகளைச் சுற்றி வந்த கண்காணிப்பு மேடம் அதை எடுத்தார்.

“யாருது இது?”

அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். “என்னுது இல்ல மேடம்” என்றேன்.

“அப்ப யாருது?”

“அவ காலுக்குக் கீழ கிடந்துச்சு மேடம்.”

ஒரு வார்த்தையும் பொய் இல்லை. விசாரணைக் குழுவிலும் அதையே சொன்னேன். பிட்டு அங்கே எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவளுடைய அந்தத் தாளை ரத்து செய்து, ஓராண்டு பிரெஞ்சுத் தேர்வு எழுதக் கூடாது என்றார்கள். விடுதி கொடுத்த தண்டனைக்குக் கெடு இல்லை. அவள் பெயரே ஜெராக்ஸ் ஆகிவிட்டது.

“ஏய் ஜெராக்ஸ், மெஸ்ல காப்பி தீந்துடுச்சாம். உன்கிட்ட இருந்தா ரெண்டு குடேன்.”

முதலில் அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் போனாள். “பாருங்கடி, எல்லாத்தையும் கையால எழுதி வச்சிருக்கேன். எனக்கு எதுக்கு பிட்டு?”

“எழுதுனதத்தான் சின்னதாக்கியிருக்கா.”

“தப்பு பண்ணாதவ இவ்ளோ பேசமாட்டா.”

பிறகு அவள் பேசுவதை நிறுத்தினாள். “பாத்தியா, இப்ப வாயே தொறக்கல” என்றார்கள்.

நான் தினமும் சொல்லிவிட நினைத்தேன். என் பெண் பிரெஞ்சு படிக்கிறாள் என்று அப்பா ஆலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதைவிட, முதல் மார்க்குக்காரி என்று என்னைக் காட்டிப் பேசுவதை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

அடுத்த பருவத் தேர்வில் பெரிய கேள்வியே அதுதான்: இக்கதைகளில் நற்பெயரும் பொய்ப்பழியும். ஆறு பக்கம் எழுதினேன். பழி சுமந்தவரைப் பற்றி இரண்டு பக்கம், சிரித்த ஊரைப் பற்றி நான்கு. தெரிந்தும் பேசாமல் இருந்த ஒருவர் அந்த ஊரில் இருந்திருப்பாரா என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. முதல் மார்க் எனக்குத்தான். நான் எழுதியதை எடுத்துச் சொல்லிப் பேராசிரியை வகுப்பில் வாய்விட்டுப் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. தேர்வுக்குத் தடை இருந்ததால் வகுப்புக்கு வராத அவள், அந்த நேரத்தில் நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு சொல்லித்தருகிறேன். போன மாதம் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மாம்பழச்சாலை நிறுத்தத்தில் அவள் ஏறினாள்.

“டீச்சரம்மா, தள்ளி உக்காரு.”

எங்கே வேலை என்று கேட்டேன்.

“ஜவுளிக்கடைல நிக்கறேன். நெஜமாவே நிக்கறதுதான், உக்கார விடமாட்டாங்க.” சிரித்தாள். பழைய சிரிப்புதான். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஊர்ல அங்கன்வாடிக்கு ஆள் எடுக்கறாங்கடி. அந்தப் பேப்பரையும் அப்புறம் எழுதி டிகிரி வாங்கிட்டேன். ஆனா காலேஜ் குடுத்த சர்டிபிகேட்ல நடத்தைங்கற எடத்துல வெறும் கோடு போட்டு வச்சிருக்காங்க. போன தடவ அதப் பாத்துட்டுத்தான் திருப்பி அனுப்புனாங்க. நீ ஒரு லெட்டர் எழுதிக் குடுப்பியா? பக்கத்துல உக்காந்திருந்தவ நீ. நான் கொண்டு வரலன்னு உனக்குத் தெரியும்ல.”

“தெரியும்.”

“நீ ஒருத்திதான் என்னை ஜெராக்ஸ்னு கூப்பிடாதவ.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. பாலம் முடியும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது, “எழுதித் தரேன்” என்றேன்.

அவள் நேர்மையானவள், எனக்குத் தெரியும் என்று முதலில் எழுதினேன். அவள் கேட்டது அவ்வளவுதான். என் கையெழுத்துக்குக் கீழே ஆசிரியை என்று போட்டு, அழகாக மடித்தும் வைத்தேன். நான்கு நாள் பையில் கிடந்தது. பிறகு கிழித்துவிட்டு, கல்லூரி முதல்வருக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன்: காகிதம் முதலில் என் இடத்தில் கிடந்தது, நான் காலால் தள்ளினேன், அதை விசாரணையில் மறைத்தேன், அவள் சான்றிதழைத் திருத்தித் தர வேண்டும்.

கல்லூரி அலுவலகத்தில் அதை வாங்கிய பெண் எழுத்தர் இரண்டு முறை படித்தார். “இத உள்ள அனுப்புனா உங்க பேருதாங்க கெடும். டீச்சரா வேற இருக்கீங்க.”

“இருக்கட்டுங்க. நகல்ல சீல் போட்டுக் குடுங்க.”

நகலை எடுத்துக்கொண்டு அப்படியே பெரிய கடைவீதியில் அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு நடந்தேன். அவளுக்கு இரண்டு மணிக்குத்தான் சாப்பாட்டு நேரம். கடைக்குப் பின்னால், சரக்கறைக்குப் போகும் படியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள்.

“எழுதிட்டியா? குடு குடு.”

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். அவள் படிக்க ஆரம்பித்தாள்.