ஜமீலாவுக்குப் போய்ச் சேர்ந்த குண்டன்

போன வெள்ளிக்கிழமை காலை, என் வீட்டுக் கூடத்தில் ஓர் அட்டைப்பெட்டி விசாரணைக்கு வந்தது.

வாடகையை ஏற்றிவிட்டார்கள் — இந்த வருடம் துபாயில் இதைச் சொல்லாத வீடு உண்டா? அல் குசைஸிலேயே இரண்டு தெரு தள்ளி, ஓர் அறை குறைவான ஃப்ளாட்டுக்கு மாறுகிறோம். ஓர் அறை குறைந்தால் ஓர் அறைச் சாமானும் குறைய வேண்டும் என்று என் மனைவி முடிவு செய்துவிட்டார். அவர் முடிவு செய்தால் நான் பெட்டி தூக்க வேண்டியதுதான்.

"இதுல என்ன இருக்கு?" என்றார்.

"என் இளமை."

"அது இன்னும் ஓடுதா?"

பெட்டியைத் திறந்து காட்டினேன். உள்ளே ஒரு பழைய ஜப்பான் கம்ப்யூட்டர், அதன் ஒயர்கள், ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன், பத்துப் பதினைந்து ஆடியோ கேசட்டுகள்.

இளைய வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. எண்பதுகளின் கடைசியில் நான் ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஒரு ரூமில் எட்டுப் பேர். எங்களில் ஒருவர் எங்கிருந்தோ இந்தக் கம்ப்யூட்டரைப் பழைய விலைக்குப் பிடித்து வந்தார். தட்டச்சுப் பலகைதான் கம்ப்யூட்டர். டிவியோடு இணைத்துக்கொள்ள வேண்டும். கட்டையில் அரபி எழுத்து, திரையில் ஜப்பான் எழுத்து, தோற்றால் திட்டுவது தமிழில்... உலகம் அன்றைக்கே சுருங்கித்தான் இருந்தது.

அதில் விளையாட்டு எப்படி ஏறும்? டிஸ்க் கிடையாது, சிடி கிடையாது. பாட்டுக் கேட்கிற அதே கேசட்தான். டேப் ரெக்கார்டரின் இயர்ஃபோன் துளையில் ஒயரைச் செருகி, கேசட்டை ஓடவிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து டிவியில் விளையாட்டு வரும். வந்தால் வரும். வால்யூம் சரியாக ஏழில் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

அந்தக் கேசட்டைச் சும்மா ஸ்பீக்கரில் போட்டால் காது கிழியும். கீ... கிர்ர்ர்... என்று ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்தான் எங்கள் குண்டன் இருந்தான்.

குண்டன் ஒரு குள்ள சாமுராய். அவனுடைய ஜப்பான் பெயரை எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாததால் நாங்கள் வைத்த பெயர் இது. ஆட்டம் தொடங்கும்முன் நம்மைப் பார்த்து இரண்டு தடவை குனிந்து வணங்குவான். பிறகு பலகை பலகையாக உடைகிற பாலங்களைத் தாண்டி ஓடுவான். நாலாவது பாலத்தில் ஆற்றில் விழுவான். எட்டுப் பேரும் மாறி மாறி முயன்றும் ஐந்தாவது பாலம் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை விளையாட்டு போக, இதே டேப் ரெக்கார்டருக்கு வாரத்தில் மற்ற ஆறு நாளும் வேறு வேலை இருந்தது. ஊருக்குக் குரல் அனுப்புவது. ட்ரங்க் காலுக்குப் பணமும் கிடையாது, பேச வீட்டில் ஃபோனும் கிடையாது. கேசட்டில் பேசி, லீவில் போகிறவரிடம் கொடுத்துவிடுவோம். அவர் திரும்பி வரும்போது வீட்டிலிருந்து ஒரு கேசட் வரும். அந்தக் கேசட்டுகளில் பெயர் எழுத மாட்டோம். எழுதினால் வழியில் யாராவது போட்டுக் கேட்டுவிடுவார்களே... புருஷன் பெண்டாட்டி பேச்சில்லையா?

சரி, போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். டூ-இன்-ஒன் ஓடினால் யாருக்காவது கொடுத்துவிடலாம், ஓடாவிட்டால் குப்பை என்றார் மனைவி. சோதிக்க ஒரு கேசட் வேண்டும். கேசட் பெட்டியின் மேல் 'குண்டன்' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு, 'கெட்டது' என்று என் கையெழுத்தில் இருந்த கேசட்டை எடுத்தார். கெட்டுப்போனதுதானே, மெஷின் டேப்பைத் தின்றாலும் நஷ்டமில்லை.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். இரைச்சல் வரவில்லை.

"ஜமீலா... உன் கேசட்டு வந்துச்சு. புள்ள பொறந்த சேதிய நாலு தடவ திருப்பித் திருப்பிக் கேட்டேன். பொம்பளப்புள்ளண்டு சொல்லும்போது உன் குரல் ஏன் அப்புடி எறங்குச்சு? எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா..."

நிறுத்திவிட்டேன். அடுத்தவர் கடிதம் அல்லவா.

"இது நம்ம காசிம் குரலுங்க" என்றார் மனைவி.

காசிமேதான். அதிராம்பட்டினத்துக்காரர். நான் பட்டுக்கோட்டை. ரூமில் அடுத்தடுத்த கட்டில். என்னைவிட மூன்று வயது இளையவர், இன்றுவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார். இப்போது இதே அல் குசைஸில் சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறார். மனைவி ஜமீலாவும் மகள் மைமூனும் ஃபேமிலி விசாவில் வந்து எட்டு வருடம் ஆகிறது.

என் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜமீலா ஒரு தடவ எங்கிட்ட சொல்லுச்சுங்க. புள்ள பொறந்து, என்ன பேரு வைக்கிறதுன்னு கேசட்ல கேட்டு அனுப்புச்சாம். பதில் கேசட் வந்துச்சாம். வீடே கூடி உக்காந்து போட்டிருக்காங்க. கீ கீன்னு வெறும் இரைச்சல். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. பொம்பளப்புள்ளன்னு அவருக்குக் கோவம், அதான் பேசப் பிடிக்காம எதையோ அனுப்பிட்டாருன்னு அது மனசுல அப்படியே தங்கிருச்சு. எங்கிட்ட சொல்றப்பகூட அழுதுச்சு."

 அந்த மாலை எனக்கு முழுசாக ஞாபகம் வந்துவிட்டது.

அன்று மதியம் பக்கத்து ரூம் கேசட்டிலிருந்து குண்டனை ஒரு காலிக் கேசட்டில் இரு பக்கமும் காப்பி எடுத்திருந்தேன். காசிம் டியூட்டிக்குக் கிளம்பும்போது, "அண்ணே, வீட்டுக்குப் பேசி மெஷின் பக்கத்துல வச்சிருக்கேன். ஊருக்குப் போறவர்ட்ட குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி இரண்டு கேசட்டுகள், இரண்டு காலிப் பெட்டிகள். நான் ஸ்டோர் கீப்பர், பொறுப்பான ஆள். உடனே பேனாவை எடுத்து ஒரு பெட்டியின் மேல் 'குண்டன்' என்று எழுதினேன். பெட்டியின் மேல். கேசட்டின் மேல் அல்ல.

மீதி உங்களுக்கே புரிந்திருக்கும். காசிமின் குரல் ஷார்ஜாவிலேயே தங்கிவிட்டது. குண்டன் அதிராம்பட்டினம் போனான்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, விளையாட 'குண்டன்' கேசட்டைப் போட்டேன். இயர்ஃபோன் துளையில் ஒயர் செருகினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். உள்ளே என்ன ஓடுகிறது என்று நமக்குக் கேட்காது. தன் மகள் பிறந்த சந்தோஷத்தைக் காசிம் பத்து நிமிடம் சொல்ல, அந்த ஜப்பான் கம்ப்யூட்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்றும் விளங்காமல் நின்றது. அங்கே ஜமீலாவுக்கு விளங்காத மாதிரியேதான். நான் 'கெட்டது' என்று எழுதித் தூக்கிப் போட்டேன்.

நீங்கள் கேட்பீர்கள் — ஜமீலா கடிதத்தில் கேட்டிருக்கலாமே? அவருடைய கடிதங்களை எழுதியது மாமனார். 'கேசட் கிடைத்தது' என்று எழுதினார். கிடைத்ததென்னவோ உண்மைதானே. சரி, காசிம் லீவில் போனபோது நேரில் கேட்டிருக்கலாமே?

இங்கேதான் நம் ஆட்களின் வழக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாதம் லீவு. அதில் கல்யாண வீடு, துக்க வீடு, சொந்தக்காரர்கள் என்று பாதி போய்விடும். மிச்சமுள்ள நாளில் யார் சண்டையைத் தொடங்குவார்கள்? அடுத்த லீவில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட கேள்விகள் வளைகுடாக் குடும்பம் ஒவ்வொன்றிலும் கிடக்கின்றன. விசா எடுத்துக் குடும்பத்தையே இங்கே கொண்டுவந்த பிறகும் அவை தீர்வதில்லை. பழகிவிடுகிறது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று எனக்கும் ஓர் எண்ணம் வந்தது, மறைப்பானேன். பதினேழு வருடத்துக்கு முந்தைய கதை, அவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்... மனைவி ஒரு பார்வை பார்த்தார். ஜும்மா தொழுகை முடிந்து காசிம் வீடு திரும்பும் நேரத்துக்கு, அட்டைப்பெட்டியோடு அவர் வீட்டு லிஃப்டில் நின்றேன்.

"என்னண்ணே, வீடு மாறுறீங்கண்டு பெட்டியெல்லாம் இங்கேயே கொண்டாந்துட்டீங்க?" என்று காசிம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, நடந்ததை ஆதியிலிருந்து சொன்னேன். ஜமீலா சமையலறை வாசலில் நின்று கேட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, தைரியம் இல்லை.

"தங்கச்சி, தப்பு என்னோடது" என்று முடித்தேன். "இதைத் தனியா கேக்கணும்னா நான் கெளம்புறேன்."

"போடுங்கண்ணே. அந்தக் கேசட்ட எல்லாரும் இருக்கும்போதுதான் போட்டாங்க. இதையும் எல்லாரும் இருக்கும்போதே போடுங்க" என்றார்.

போட்டேன். இருபத்தைந்து வயதுக் காசிமின் குரல் அந்தக் கூடத்தில் பேசியது. ரூமில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்ததைச் சொன்னது. பிள்ளைக்குத் தன் நிறமா, அவள் நிறமா என்று கேட்டது. பிறகு பெயருக்கு வந்தது.

"வீட்ல எங்க உம்மா பேரைத்தான் வைக்கச் சொல்லுவாங்க. நீ கல்யாணமான புதுசுல ஒரு பேரு சொன்னியே, நிலோஃபர்ண்டு. அதையே வை. யாராச்சும் ஏதாச்சும் சொன்னா, மச்சான் சொல்லிட்டாங்கண்டு சொல்லு. பழிய எம்மேல போடு. நான் இம்புட்டுத் தூரத்துல ஈக்கிறேன், யாரு வந்து கேக்கப் போறா?"

அப்போது கேசட்டுக்குள் கதவை யாரோ தடதடவென்று இடித்தார்கள். "யார்ரா பாத்ரூம்ல? எவ்வளவு நேரம்?" — என் குரல்.

"பாரு, அண்ணன் கதவ இடிக்கிறாங்க. வைக்கிறேன், ஜமீலா" என்று முடிந்தது கேசட். எட்டுப் பேர் இருந்த ரூமில் தனியாகப் பேச அவருக்குக் கிடைத்த இடம் அதுதான். அதிலும் நான் விட்டுவைக்கவில்லை.

ஜமீலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும்தான்.

"நீ ஏன் உம்மா பேர வச்சேண்டு நான் கேக்கவே இல்லையே" என்றார் காசிம். "உனக்கு அதுதான் பிடிச்சிருக்கு போலண்டு நெனச்சேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலண்டு அவங்களே வச்சாங்க, மச்சான். நான் அந்தக் கேசட்ட அப்புறம் தனியா போட்டுக் கேட்டேன். கடைசியிலயாச்சும் உங்க குரலு வரும்ண்டு ரெண்டு பக்கமும் முழுசா கேட்டேன்."

காசிம் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றார்.  அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூலையிலிருந்த மைமூன்தான் பேசினாள். "செவன்டீன் இயர்ஸ்... ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஆஸ்க் பண்ணவே இல்லையா, வாப்பா?" பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கு மைமூனே ஓகே. ஃபிரெண்ட்ஸ் எல்லாம் மூன்னுதான் கூப்பிடுறாங்க" என்றாள்.

ஜமீலா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். காசிம் அனுப்பிய கேசட்டுகள் அத்தனையும் அதில் இருந்தன. விசா கிடைத்து வந்தபோது கூடவே கொண்டுவந்திருக்கிறார். அடியிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதையும் தூக்கிப் போட மனசு வரலண்ணே. இதுல என்னதான் இருந்துச்சுண்டு பாக்கணும்."

கம்ப்யூட்டரை அவர்கள் டிவியில் மாட்டினேன். ஒயரைச் செருகப் போகும்போது, "இது மாட்டுனா சத்தம் கேக்காது, பரவாயில்லையா?" என்றேன்.

"சத்தம் எனக்குத் தெரியும்" என்றார்.

வால்யூமை ஏழில் வைத்தேன். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. காசிம் குனிந்து எட்டில் வைத்தார். நால்வரும் தரையில் உட்கார்ந்து வெறும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இஸ்திரிப் பெட்டி போட யாரும் இல்லை.

ஐந்து நிமிடம். திரை ஒரு தடவை சிமிட்டியது. ஆறு, பாலம், நடுவில் எங்கள் குண்டன். ஜமீலாவைப் பார்த்து நின்றான். ஒரு தடவை குனிந்து வணங்கினான். இன்னொரு தடவை குனிந்து வணங்கினான்.

ஜமீலா திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சலாம் சொல்லத்தான் அன்னைக்கு அப்புடிக் கத்துனியா, வாப்பா" என்றார் அவனிடம்.

பெயர் எழுதுவதாக இருந்தால் தயவுசெய்து கேசட்டின் மேலேயே எழுதுங்கள்.