வங்கி மனேஜரின் மகன்

தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறைக்கு, லண்டன் நோர்பரியிலிருந்து நானும் மனைவியும் ஸ்பெயினில் ஒரு விவசாயக் கிராமத்துக்குப் போனோம். தங்கிய வீட்டுக்காரர் தன் வெங்காயத் தோட்டத்தைப் பெருமையாகக் காட்டினார். பிறகு, தெரிந்த ஆங்கிலத்தில் என் அப்பாவின் தொழிலைக் கேட்டார்.

"வங்கி மனேஜர்" என்றேன். லண்டனில் எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் அது.

அந்த நேரம் பார்த்து வாய்க்கால் வரம்பு உடைந்தது. நான் யோசிக்கவேயில்லை. சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அவருடைய மண்வெட்டியால் மண்ணை வெட்டிப் போட்டு, காலால் மிதித்து அடைத்தேன்.

நிமிர்ந்தபோது அவர் சேறு படிந்த என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி மெல்லக் கேட்டாள்: "யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில மாமா பழக்கின வேலை மறக்கேல்லை. மாமாவை மட்டும் ஏன் மறைச்சனீங்கள்?"

குனிந்த தலையோடு தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினேன். அப்பாவின் தோட்டத்தை நான் ஒருவருக்கும் காட்டியதில்லை.